கருவிலே குன்றும் குழந்தை

வயிற்றுப் பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டமாகும், ஆகையால் கர்ப்பிணி அரை வயிறு உண்பதே நல்லது என்னும் எண்ணம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அன்பினால் கூறப்படும் யோசனையே ஆயினும் அது தவறானது. கருவில் போதிய வளர்ச்சி பெறாத சிசுவுக்குப் பிரசவ நேரத்தின் சிரமத்தைத் தாங்கும் சக்தி குறைவு. சில சமயங்களில் அது பிறக்கு முன்பே இறந்தும் போகிறது. ஆகவே இது குறித்து ஒவ்வொரு அங்கத்தினர் குடும்பமும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தாய் குறைவாக உண்டால் நேர்வது யாது என்பதை ஹாலந்து தேசத்தின் அனுபவம் காட்டிற்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களைப் பட்டினியில் கழித்த தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாகச் சுமார் 300 கிராம் எடை குறைந்து பிறந்தன.

காரணங்கள்

எனினும், ஆகாரக் குறைவு ஒன்றே காரணமன்று. சிசுவுக்கு வேண்டிய உணவும் பிராணவாயுவும் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியின் வழியாகவே செல்கின்றன. ஏரியில் நீர் இருந்தும் வாய்க்கால் தூர்ந்துவிட்டால் கடைமடைப் பயிர் வாடுகிறதல்லவா? அதுபோல நஞ்சுக்கொடி சரிவர இயங்காவிடில், தாய் நன்கு உண்டாலும் சிசு வளராது. தாயின் இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய், கடும் இரத்த சோகை, மலேரியா போன்ற தொற்றுக்கள், புகையிலை, மது, இரட்டைக் கர்ப்பம், சிசுவின் பிறவிக் கோளாறு ஆகியவையும் காரணங்களாகும். ஆகவே, பிள்ளை சிறிதாயிற்றென்று மருமகளைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

கண்டறியும் முறை

இதைக் கண்டறிய முதலில் வேண்டுவது ஓர் அளவு நாடாவே. 24 வாரங்களுக்குப் பின், அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரையுள்ள நீளம், சென்டிமீட்டர் கணக்கில், ஏறக்குறைய கர்ப்ப வாரங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும். 30ஆவது வாரத்தில் 26 சென்டிமீட்டர் மட்டுமே இருந்தால் ஸ்கேன் அவசியம். அதில் சிசுவின் தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றை அளந்து எடையைக் கணிப்பர். தொப்புள் கொடியின் இரத்த ஓட்டத்தை டாப்ளர் பரிசோதனை காட்டும்.

வாரக் கணக்கு தவறினால் இவ்வளவுகள் யாவும் பயனற்றுப் போகும். ஆதலால் கடைசி மாதவிலக்குத் தேதியைக் குறித்து வைத்து, முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறிய சிசுக்கள் யாவும் குறையுடையவை அல்ல. சிற்றுடல் கொண்ட பெற்றோரின் பிள்ளை சிறிதாயினும் ஆரோக்கியமாக இருக்கலாம். வளர்ச்சி தேங்குகிறதா என்பதே கேள்வி. அதற்கு ஒரு முறை அளந்தால் போதாது. தொடர்ந்து அளக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

குன்றிய சிசுவை விரைந்து வளரச் செய்யும் மருந்து எதுவும் இல்லை. படுத்தே கிடப்பதாலும் பயனுண்டென நிரூபிக்கப்படவில்லை. இரத்தக் கொதிப்பை அடக்குதல், இரத்த சோகையைத் தீர்த்தல், புகையிலையை விடுதல் ஆகியவை நம்மால் இயன்றவை. அதன்பின், பிரசவத்திற்குரிய காலத்தை நிர்ணயிப்பதே முக்கியமான சிகிச்சையாகும். இரத்த ஓட்டம் சீராக இருந்தால் பெரும்பாலும் 37 வாரங்கள் வரையேனும் காத்திருப்பர்; மிகவும் கெட்டிருந்தால் முன்னதாகவே பிரசவம் செய்விப்பர். 34 வாரங்களுக்கு முன் அந்நிலை வருமாயின், சிசுவின் நுரையீரல் முதிர்ச்சியடையத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவர். பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியே இத்தகைய பிரசவத்திற்கு ஏற்றது.

முந்திய கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்போ சிசு வளர்ச்சிக் குறைவோ கண்டவர்கள், அடுத்த முறை 16 வாரங்களுக்கு முன்பே வைத்தியரை அணுகி, சிறு அளவு ஆஸ்பிரின் தமக்கு வேண்டுமா என்று கேட்டறிதல் நலம்.

2016ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதியன்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை வைத்தியர்கள் இலவசமாகப் பரிசோதிக்கும் ஏற்பாடு இருந்து வருகிறது. அங்கத்தினர்கள் தம் வீட்டுப் பெண்களை அன்று தவறாது அழைத்துச் செல்வார்களாக. இடையில் சிசுவின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், மறுநாள் வரை காத்திராமல் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நடவாயினும் தறியாயினும் அரை நாள் நிற்கலாம், பரிசோதனை நிற்கலாகாது.