கடைவீதியில் விசுவாசம்: குவேக்கர் வணிகர்களின் வரலாறு

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய நண்பர் சபையினரை உலகம் குவேக்கர்கள் என்று அழைக்கிறது. அச்சபையைத் தொடங்கியவர்களில் முதன்மையான ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒரு நெசவாளியின் மகன். செருப்புத் தைக்கும் தொழிலைப் பழகியவர். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, அதைக் கண்டுகொள்ள இடையில் ஒரு குருவானவர் தேவையில்லை என்று அவர் போதித்தார். அதனால் குவேக்கர் ஆராதனையில் பீடமும் இல்லை, பிரசங்க மேடையும் இல்லை. எல்லோரும் கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளத்தில் ஏவப்பட்டவர் எழுந்து பேசுவார். ஒரு நாளை மட்டும் புனிதமானது என்று பிரித்துவைக்கவும் அவர்கள் உடன்படவில்லை. எல்லா நாளும் கடவுளுடையது என்றால் திங்கட்கிழமைக் கடைக்கணக்கும் அவருடையதுதான். இதை அவர்கள் எவ்வளவு நேராக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவர்களுடைய வாணிபமே சான்று.

அக்காலத்துக் கடைகளில் பேரம்தான் வழக்கம். கடைக்காரர் ஏற்றிச் சொல்வார், வாங்குபவர் இறக்கிக் கேட்பார், நடுவில் எங்கோ விலை படியும். பத்துக்குக் கொடுக்க மனமிருந்தும் பதினைந்து என்று சொல்வது பொய் என்று குவேக்கர்கள் கருதினார்கள். வாங்கப் போகும் விலையை மறைத்துக் குறைத்துக் கேட்பதும் அப்படியே. ஆகவே ஒரே விலை சொல்லி அதில் நின்றார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். பிறகு, ஒரு சிறு பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைக்கும் அதே விலைக்கு அதே சரக்கு கிடைக்கும் என்று ஊருக்குத் தெரிந்தது. கூட்டம் அவர்கள் கடையைத் தேடி வந்தது. ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பு நூலில் இந்த மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

அதே நேர்மை நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சிறையைப் பெற்றுத் தந்தது. ஆணையிடவே வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருக்கட்டும் என்பது மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசுவின் போதனை. சத்தியம் செய்தால் மட்டும் உண்மை பேசுவேன் என்றால், மற்ற நேரத்துப் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று குவேக்கர்கள் கேட்டார்கள். சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததற்காக நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள், சொத்தை இழந்தார்கள். 1696இல் சட்டம் இறங்கி வந்து, ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூற அவர்களுக்கு இடம் கொடுத்தது. இன்று இந்தியாவில் பதவியேற்பவர்கள் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். ஆங்கிலச் சட்டத்தில் அத்தகைய தெரிவுக்கு முதலில் வழி திறந்தவர்கள் இவர்கள்.

ஆங்கிலேயத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அரசுப் பதவிகளும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்களும் 19ஆம் நூற்றாண்டு வரை எட்டாதவையாக இருந்தன. எஞ்சிய வழி வாணிபமும் தொழிலும்தான். கோல்புரூக்டேலில் 1709இல் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டிய ஆபிரகாம் டார்பி, லண்டனில் பின்னாளில் பார்க்லேஸ் வங்கியாக வளர்ந்த கடையைத் தொடங்கியவர்கள், லாயிட்ஸ் வங்கியின் நிறுவனர்களில் ஒருவரான சாம்சன் லாயிட், பிரிஸ்டலின் ஃபிரை குடும்பம், யார்க் நகரின் ரவுண்ட்ரீ குடும்பம் எல்லாரும் குவேக்கர்கள். நாட்டின் மக்கள்தொகையில் நூற்றில் ஒருவர்கூட இல்லாத ஒரு கூட்டத்துக்கு இது மிகப் பெரிய பங்கு.

தனிமனித நல்லெண்ணம் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. உறுப்பினர்கள் கொடுக்கல் வாங்கலில் நியாயமாக நடக்கிறார்களா, சொன்ன தவணையில் கடனைத் தீர்க்கிறார்களா என்ற கேள்விகள் சபைக் கூட்டங்களில் தவறாமல் எழுப்பப்பட்டன. உள்ளூர்க் கூட்டங்கள் பதில் எழுதி அனுப்ப வேண்டும். ஒருவர் சக்திக்கு மீறிக் கடன் வாங்குவதாகத் தெரிந்தால் மூத்தவர்கள் வீடு தேடிப் போய்க் கணக்கைப் பார்த்தார்கள். கவனக்குறைவால் திவாலாகிக் கடன் கொடுத்தவர்களை நட்டத்தில் விட்டவர் சபையை விட்டு நீக்கப்பட்டார். இன்றைய கண்ணுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் விசுவாசத்தைப் பற்றி எவ்வளவும் பேசலாம், கணக்குப் புத்தகத்தை மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்ற நிலையில் நேர்மை நெடுநாள் தாங்காது.

வாணிபத்தில் நேர்மை என்ற இந்தக் கேள்வியை மிக ஆழமாகக் கொண்டுசென்றவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஜான் உல்மன் (1720–1772). இளம் வயதில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, கறுப்பினப் பெண் ஒருவரை விற்பதற்கான பத்திரத்தை எழுதும்படி முதலாளி சொன்னார். உல்மன் எழுதினார்; ஆனால் அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாது என்று அங்கேயே சொன்னார். அதன்பின் அத்தகைய பத்திரங்களை எழுத மறுத்தார். சொந்தக் கடை பெருகத் தொடங்கியதும், அது தம் மனத்தை முழுவதும் விழுங்கிவிடும் என்று அஞ்சி வாணிபத்தைக் குறைத்துக்கொண்டு, தையல் வேலையில் நிறைவு கண்டார். அடிமை உழைப்பு கலந்த சாயத்தை விலக்கிச் சாயமிடாத துணியை உடுத்தினார். அடிமை வைத்திருந்தவர்களின் வீட்டில் தங்க நேர்ந்தால், தமக்குப் பணிவிடை செய்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். யாரையும் இழித்துப் பேசாமல் வீடு வீடாகச் சென்று பேசினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகளில், 1776இல், குவேக்கர்களின் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது.

எல்லாம் இப்படித் தெளிவாக முடியவில்லை. குவேக்கர்கள் போரை ஏற்காதவர்கள். பர்மிங்ஹாமில் சாமுவேல் கால்டன் என்ற குவேக்கரின் குடும்பம் துப்பாக்கி செய்து விற்றது. சபை பல ஆண்டுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் கேள்வி எழுந்தபோது, கால்டன் ஒரு தற்காப்பு வாதம் வைத்தார்: பார்லி விதைக்கும் உழவர் குடிகாரனின் கேட்டுக்குப் பொறுப்பாவாரா? வரி கட்டுகிற எல்லோருக்குமே போரில் பங்கில்லையா? எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. ஆனாலும் 1796இல் சபை அவரை நீக்கியது. ஒரு பொருள் எதற்காகவே செய்யப்படுகிறதோ அந்தப் பயனுக்குச் செய்தவரும் பொறுப்பு என்ற சபையின் நிலை சரியானதே. அதை அத்தனை ஆண்டு தாமதித்துச் சொன்னதுதான் குறை.

இன்றைய வாசகர் நன்கறிந்த பெயர் கேட்பரி. ஜான் கேட்பரி 1824இல் பர்மிங்ஹாமில் தேயிலை, காபி, கோகோ விற்கும் கடையைத் திறந்தார். மதுவுக்கு மாற்றாக நல்ல பானம் கிடைக்க வேண்டும் என்பதும் நோக்கம். அவருடைய மகன் ஜார்ஜ், ஞாயிறு காலைகளில் ஏழைத் தொழிலாளர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தபோது அவர்கள் குடியிருந்த நெரிசலான சந்துகளை நேரில் கண்டார். 1879இல் தொழிற்சாலை நகரத்தை விட்டு வெளியே போர்ன்வில்லுக்கு நகர்ந்தது. அங்கே தோட்டத்துடன் கூடிய வீடுகள் எழுந்தன. 1900இல் அவற்றை ஓர் அறக்கட்டளைக்கே ஜார்ஜ் ஒப்படைத்தார். மதுக்கடைக்கு அங்கே இடம் தரப்படவில்லை. தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதி 1906இல் வந்தது.

ஆனால் அதே நிறுவனத்துக்கு வேண்டிய கோகோவில் பெரும்பங்கு போர்த்துகீசியர் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கே ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் உழைத்தவர்கள் உண்மையில் அடிமைகள். 1901இலேயே கேட்பரி குடும்பத்துக்குச் செய்தி எட்டியது. விசாரிக்க ஆள் அனுப்பினார்கள், அரசுகளுடன் பேசினார்கள். கொள்முதலை நிறுத்தியது 1909இல்தான். இதைக் கண்டித்து எழுதிய பத்திரிகைமீது அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார்கள். நடுவர்கள் கொடுத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. தம் தொழிலாளர்மீது காட்டிய பரிவை, கண்ணுக்கு எட்டாத தீவின் தொழிலாளர்மீது அதே விரைவில் அவர்கள் காட்டவில்லை. உல்மன் தம் சட்டையின் சாயத்தில் பார்த்ததை இவர்கள் கோகோ மூட்டையில் பார்க்க எட்டு ஆண்டுகள் ஆயின.

இந்த மரபு இந்தியாவுக்கும் வந்தது. பர்மிங்ஹாமில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) ஒரு குவேக்கர். செங்கல்லைப் பூசாமல் விட்டும், சுவருக்குள் வெற்றிடம் வைத்து அடுக்கிக் கல்லை மிச்சப்படுத்தியும், பழைய கட்டடங்களின் கதவு சன்னல்களை மீண்டும் பயன்படுத்தியும் எளியவர்களுக்கு அவர் வீடுகள் கட்டினார். தேவையற்ற அலங்காரத்தையும் பொய்த் தோற்றத்தையும் அவர் தவிர்த்ததில் குவேக்கர் எளிமையின் சாயலைக் காணலாம்.

பிரிட்டனில் உள்ள நண்பர் சபையில் இன்றும் 42 பத்திகள் கொண்ட அறிவுரைகளும் கேள்விகளும் அடங்கிய ஒரு சிறு நூல் வழக்கத்தில் இருக்கிறது. தொழிலிலும் பணத்திலும் நேர்மை காக்கிறாயா, உன் வாழ்க்கைமுறை உலகப் பொருளாதாரத்தையும் இயற்கையையும் எப்படிப் பாதிக்கிறது என்று அறிந்து வைத்திருக்கிறாயா என்ற பொருளில் அமைந்த கேள்விகள் அதில் உண்டு. மௌன ஆராதனையில் அவை உரக்க வாசிக்கப்படுகின்றன. பதிலை ஒவ்வொருவரும் தம் வேலையிடத்தில்தான் தேட வேண்டும்.