செங்குத்துக்கோட்டின் சமன்பாடு

ஒரு நேர்க்கோட்டை 90° கோணத்தில் வெட்டும் கோடு அதன் செங்குத்துக்கோடு எனப்படும். முதல் கோட்டின் சாய்வும், செங்குத்துக்கோடு கடந்து செல்லும் ஒரு புள்ளியும் தெரிந்தால் அதன் சமன்பாட்டைக் காணலாம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆயத்தொலை வடிவியலில் கற்கும் இம்முறை நில அளவைக்கும் அடிப்படையாகும்.

சாய்வுகளின் தொடர்பு

கிழக்கே 4 மீட்டர் செல்வதற்குள் வடக்கே 3 மீட்டர் நகரும் கோட்டின் சாய்வு 3/4. இதனை இடப்புறமாக 90° திருப்பினால், கிழக்கே இருந்த 4 வடக்கே செல்லும். வடக்கே இருந்த 3 மேற்கே செல்லும். மேற்கு எதிர்த்திசை என்பதால் புதிய சாய்வு −4/3. இரு சாய்வுகளின் பெருக்கற்பலன் −1.

கிடைக்கோட்டுக்கு இவ்விதி பொருந்தாது. அதன் சாய்வு 0. அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை.

எடுத்துக்காட்டு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள ஊர் மணலூர்பேட்டை. அங்கு ஒரு முக்கோண வயல் இருப்பதாகக் கொள்வோம். கிழக்குத் தொலைவை 'கி' என்றும், வடக்குத் தொலைவை 'வ' என்றும் மீட்டரில் குறிப்போம். இவை பாடநூலின் எக்ஸ், ஒய் ஆகியவற்றுக்கு இணையானவை. வயலின் மூலைகள்: அ (0, 0), ஆ (40, 30), இ (10, 45).

'அஆ' கோட்டின் சாய்வு = 30/40 = 3/4
அதன் சமன்பாடு: 3கி − 4வ = 0
செங்குத்துக்கோட்டின் சாய்வு = −4/3
'இ' வழியாக: வ − 45 = −4/3 (கி − 10)
சுருக்கினால்: 4கி + 3வ = 175

இரு சமன்பாடுகளையும் தீர்த்தால் கோடுகள் வெட்டும் புள்ளி (28, 21). இப்புள்ளி 'அ'விலிருந்து 35 மீட்டரில் உள்ளது. 'இ'யிலிருந்து இதன் தொலைவு 30 மீட்டர். 'அஆ'வின் நீளம் 50 மீட்டர். எனவே பரப்பு = ½ × 50 × 30 = 750 சதுர மீட்டர்.

செங்கோணம் தவறினால்

நில அளவையாளர் இச்சமன்பாட்டை எழுதுவதில்லை. நீண்ட கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து வயலின் மூலைக்குச் செங்குத்துத் தொலைவை எடுக்கிறார். செங்கோணத்தைக் காண கிராஸ் ஸ்டாஃப் போன்ற கருவிகள் உதவுகின்றன.

மேற்கண்ட வயலில் 35 மீட்டருக்குப் பதிலாக 25 மீட்டரில், அதாவது (20, 15) என்ற புள்ளியில் நின்று 'இ' வரை அளந்தால் 31.62 மீட்டர் வரும். பரப்பு சுமார் 790.5 சதுர மீட்டர் எனக் கணக்காகும். கூடுதலான 40.5 சதுர மீட்டர் ஏறக்குறைய ஒரு சென்ட். இல்லாத நிலம் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்கு உள்ள மிகக் குறைந்த தொலைவு செங்குத்துத் தொலைவே. ஆகவே செங்கோணம் எப்பக்கம் தவறினாலும் அளவு கூடுமே தவிரக் குறையாது.

விடையைச் சரிபார்த்தல்

சமன்பாட்டைக் கண்டபின் இரண்டைச் சோதிக்க வேண்டும்: சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 ஆகிறதா, கொடுத்த புள்ளி சமன்பாட்டை நிறைவு செய்கிறதா. இங்கு 3/4 × (−4/3) = −1; 4 × 10 + 3 × 45 = 175.