கடற்கரை ஊரில் தேறிய செக்காவ்

நோயிலிருந்து தேறிவருபவரை வெளிநாட்டுக் கடற்கரை ஊரொன்றில் சில காலம் தங்க வைக்கலாமா என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செக்காவ் அவ்வாறு தங்கியவரே. அவர் மருத்துவரும்கூட, ஆயினும் 1884 முதல் இருமலில் இரத்தம் கண்டும் அதைப் பொருட்படுத்தாதிருந்தார். (மருத்துவர்களாகிய நாங்களும் இத்தவற்றுக்கு விலக்கல்லர்.) 1897 மார்ச்சில் இரத்தப்போக்கு மிகுந்து மாஸ்கோவில் சிகிச்சைக்குச் சேர்ந்தபோதுதான் காசநோய் உறுதியாயிற்று.

அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. குளிர்காலத்தை வெதுவெதுப்பான ஊரில் கழிக்குமாறு கூறவே மருத்துவர்களால் இயன்றது. பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரில், ரஷ்யர்கள் தங்கும் விடுதியொன்றில், 1898 வசந்தம் வரை அவர் தங்கினார். வெயிலும் ஓய்வும் இதமளித்தன, கதைகளும் எழுதினார். ஆனால் அங்கும் இரத்தம் வந்தது. 1904-இல், 44 வயதில் காலமானார்.

இன்று, மருந்துக்கு அடங்கும் காசநோய் பெரும்பாலும் 6 மாத மாத்திரைகளில் குணமாகிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், சானடோரியத்தில் நல்ல காற்றும் உணவும் பெற்றவர்களும், நெரிசலான வீடுகளிலிருந்தே மருந்துண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர்.

ஆகவே பயணம் தடையன்று. நோய் பிறருக்குத் தொற்றாது என்று மருத்துவர் உறுதிசெய்த பின்னரே விமானம் ஏறுங்கள். தங்கும் நாள்கள் முழுமைக்குமான மாத்திரைகளும் மருந்துச்சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். கடற்காற்றில் பசியெடுத்து இருமலும் தணிந்ததும், மாத்திரை இனி எதற்கு என்று தோன்றும். அப்போது நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். உடனிருப்போர் அந்த நாள்களில்தான் மாத்திரையை எண்ணிக் கொடுக்க வேண்டும். சளியில் இரத்தம் கண்டால், ஊர் திரும்பும்வரை காத்திராமல் அவ்வூர் மருத்துவரை அன்றே காணுங்கள்.