கோடும் உருவும் செயலும்

ஓவியம், சிற்பம், கூத்து எனக் கலைகளை வகுத்துரைத்தல் கற்பார்க்கு எளிமை கருதிய முறையாகும். கலைஞன் ஒருவனுடைய வாழ்நாளை முழுமையாக நோக்குவார்க்கு அவை ஓரெண்ணத்தின் பல நிலைகளாகவே புலப்படும். யேர்மன் நாட்டுக் கலைஞர் யோசப் போய்ஸ் (1921–1986) என்பாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

டுசல்டோர்வ் நகரக் கலைக்கழகத்திற் சிற்பம் பயின்ற போய்ஸ், 1950ஆம் ஆண்டுகளில் மிகுதியாக வரைந்தார். முயல், மான், தேனீ முதலியன அவர் தாள்களில் மெல்லிய கோடுகளாய்த் தோன்றின. எண்ணம் முதன்முதல் வடிவங் கொள்ளும் இடமாக அவர் கோட்டினைக் கருதினார்.

பின்னர், 1960ஆம் ஆண்டுகளில், கொழுப்பும் அழுத்திய கம்பளியும் அவருடைய சிற்பப் பொருள்களாயின. கொழுப்பு வெம்மையில் இளகும், குளிரில் இறுகும். ஆகவே சிற்பமும் ஓயாது மாறும் ஒரு நிகழ்வு என்பது அவர் கொள்கை. சிற்பமே நிகழ்வாயின், அதனை இயற்றுவோன் உடலும் செயலும் கலையாதல் இயல்பன்றோ?

1965 நவம்பரில், டுசல்டோர்வ் ஓவியக்கூடமொன்றில், தலையிலே தேன் பூசிப் பொற்றகடு ஒட்டிக்கொண்டு, இறந்த முயலொன்றை ஏந்திப் படந்தோறுஞ் சென்று அதற்கு விளக்கங் கூறினார். மக்கள் வெளியே நின்று சாளரத்தூடு கண்டனர். முன்னர்த் தாளில் வரைந்த முயல் இங்கே கைக்கு வந்தது; தேனீயின் தேன் தலைக்கு ஏறிற்று. இது நகைப்புக்குரியதெனச் சிலர் கூறலாம். படத்தைச் சொல்லால் விளக்கிவிடலாம் என்ற நம் துணிபையே அவர் வினாவினார் என்க.

அவர் ஆசிரியருமாவார். விரிவுரையின்போது கரும்பலகையில் அவர் வரைந்தவற்றுட் சில இன்றும் பேணப்படுகின்றன. அனுமதி மறுக்கப்பட்ட மாணவருக்காகப் போராடி 1972இற் பேராசிரியர் பதவியை இழந்தார். மனித சமுதாயமும் அனைவருங் கூடி வனையத்தக்க சிற்பமே என்று அவர் கொண்டிருந்தார்.

அக்கொள்கை 1982இற் காசல் நகரில் உருப்பெற்றது. ஆங்கே 7,000 கற்றூண்களைக் குவித்து, மரமொன்று நடுந்தோறும் அதனருகே ஒரு கல்லை நாட்டச் செய்தார். குவியல் குறையக் குறைய நகரில் மரங்கள் பெருகின. 1986 சனவரியில் அவர் மறைந்தார். இறுதி மரத்தை 1987இல் அவர் மைந்தர் நட்டார். கல்லிலே சிற்பமும், நடுதலிலே செயலும் ஒன்றுபட்ட அப்பணி, தொடங்கியவர் கை ஓய்ந்த பின்னும் பிறர் கையால் நிறைவெய்தியது.

ஆதலின் நம் மாணவர் சித்திரக் கொப்பியில் இடுங் கோட்டினை வீண் பொழுதுபோக்கெனப் பெற்றோரும் ஆசிரியரும் தள்ளிவிடுதல் வேண்டா. அது நாளை எவ்வுருக் கொள்ளும் என்பதை இன்றே அறிதல் அரிது.