மிதவை இடுதல்

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், இந்தியாவின் சார்பில் பாய்மரப் படகு செலுத்திய முதல் பெண் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். அவர் சென்ற தடத்தில் கோடு ஏதும் இல்லை, மிதவைகளே இருந்தன. 1911இல் தொடங்கப்பெற்ற ராயல் மெட்ராஸ் படகுக் கழகத்தார் நடத்தும் போட்டிகளிலும் அவ்வாறே. மிதவையை எங்கே இடுவது என்பதைக் காற்றே தீர்மானிக்கிறது.

எப்பாய்மரப் படகும் காற்றை நேரே எதிர்த்துச் செல்லாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறித் திரும்பியே முன்னேறும். செலுத்துபவரின் திறன் வெளிப்படும் இடம் அதுவே. ஆதலின், முதல் மிதவையைக் காற்று வரும் திசையில் நேராக இடுவர். தொடக்கக் கோடு அக்காற்றுக்குச் செங்குத்தாக அமைதல் வேண்டும். கோடு சாய்ந்தால், ஒரு முனையில் நிற்பவர் போட்டி தொடங்குமுன்பே முந்திவிடுகிறார்; பின்தங்கியவருக்கோ தாம் தோற்ற காரணமே விளங்காது.

சென்னை முதல் மாமல்லபுரம் வரையுள்ள நம் கடற்கரையில் இப்பணி எளிதன்று. ஜூன், ஜூலைத் திங்கள்களில் காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். மேல்காற்றைக் கோடை என்றும் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் பிரித்தறிந்த மரபு நம்முடையது. கோடைக்கு ஏற்ப இட்ட மிதவை, கொண்டல் எழுந்ததும் முற்றிலும் தவறான இடத்தில் நிற்கும். உடனே நங்கூரத்தைத் தூக்கி மீண்டும் இடவேண்டும். கயிறு குறுகினால் அலையில் நங்கூரம் பெயரும். மிக நீண்டால் மிதவை இடம்விட்டு அலையும். அதுவரை படகுகள் பாயைத் தளர்த்திக் காத்திருக்கும்.