இரவல் ஏடும் வீட்டு ஒளிப்பதிவும்

வீட்டிலுள்ள நல்ல பொருள் வீட்டார் அனைவர்க்கும் பயன்படல் வேண்டும் என்பது இல்லறத்தின் பழைய நியதி. கிணறு ஒன்று, அதில் நீர் அள்ளுவோர் பலர். முற்றம் ஒன்று, அதில் நெல் உலர்த்துவோரும் விளையாடுவோரும் பலர். அவ்வாறாயின், கூடத்துப் பெட்டியிற் பதிந்து வைத்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை அறைகளில் உள்ளோரும் தத்தமக்கு இசைந்த வேளையிற் காணுதல் இயலாதா? முதற் பார்வைக்கு இது பொழுதுபோக்கைப் பற்றிய சிறு வினாவாகத் தோன்றும். ஆராய்ந்து பார்க்குமிடத்து, முதியோர் நலம், பொருளின் உரிமை, நினைவுகளைப் பேணுதல் ஆகிய பெரிய வினாக்கள் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

நம் நாட்டிற் சுயாதீனத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலும், ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அக்காலத்திற் கோப்பாய் போன்ற ஊர்களிற் பெட்டி வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். பெட்டி உள்ள வீடே ஊருக்குக் கூடம். பின்னர், 1976இல் யப்பானில் வெளிவந்த வீ.எச்.எஸ். ஒளிநாடாக் கருவி 'டெக்' என்னும் பெயருடன் நம் மத்தியிற் குடிபுகுந்தது. மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் உழைத்தோர் அதனைக் கொண்டுவந்தனர். கலியாண வீட்டிலும் கோயிற் கொண்டாட்டத்திலும் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திலே பாய் விரித்து, விடிய விடியப் 'படம் போட்ட' இரவுகளை நடுவயது கடந்தோர் மறந்திரார்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன் பின், குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரம் இன்றி இருந்தது. போத்தலிற் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு விளக்கேற்றிப் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜெனரேற்றர் இயங்கிய இடத்திலே ஊர் கூடிப் படம் பார்த்தது. ஆகவே நம்மவர்க்கு ஒளிப்பதிவைப் பகிர்தல் என்பது நெடுங்காலம் ஒன்றாக அமர்ந்து பார்த்தலையே குறித்தது.

அறைக்கு அறை பகிரும் முயற்சியும் டெக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அக்கருவியின் பின்புறத்தில் அன்ரனாக் கம்பியைப் பொருத்துதற்கு ஒரு வாயிலும், காட்சியை ஓர் அலைவரிசையாக்கி வெளிவிடுதற்கு வேறொரு வாயிலும் உண்டு. அவ்வாயிலிலிருந்து நீண்ட கம்பியை இழுத்து அடுத்த அறைப் பெட்டியிற் செருகி, உரிய அலைவரிசையைத் திருப்பினால் அங்கும் படம் தெரியும். ஆனால் இஃது ஒரே வாய்க்காலில் ஓடும் நீர் போன்றது. தலைமடையில் நிறுத்தினாற் கடைமடையிலும் நின்றுவிடும்.

இவ்வுண்மையை என் இல்லத்திற் கண்கூடாகக் கண்டேன். என் மாமி முதுமையால் நடை தளர்ந்து மேற்கு அறையிற் படுக்கையோடு இருந்தார். நல்லூர்க் கந்தனின் திருவிழா இருபத்தைந்து நாள். அதில் இருபத்துநான்காம் நாள் தேர். கோப்பாயிலிருந்து நல்லூர் அண்மைதான். எனினும் அவருக்கு அது காசிக்கு நிகரான தூரமாகிவிட்டது. தேர் உலா வரும் காலைப் பொழுதில் மருந்தின் மயக்கத்தால் உறங்கிவிடுவார். ஆதலின் ஒளிபரப்பைக் கூடத்துப் பெட்டியிற் பதிந்து, பிற்பகலிற் கம்பி வழியாக அவர் அறைக்கு அனுப்பினோம். தேர் வடக்கு வீதிக்குத் திரும்பும் வேளையிற் கூடத்தில் இருந்த பேரன் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டான். "தம்பி, தேர் எங்கை போட்டுது? ஆரோ பந்தெறியிறாங்கள்!" என்று மாமி அறையிலிருந்து குரல் கொடுத்தார். வீடே சிரித்தது. ஆனால் அவர் சொல்லில் ஒரு நியாயம் இருந்தது. பிறர் விருப்பத்துக்கு இடையூறின்றித் தம் விருப்பத்தைத் துய்க்கும் உரிமை படுக்கையில் உள்ளார்க்கும் வேண்டும் அன்றோ?

நிற்க. இக்காலத்து எண்முறைப் பதிவு இக்குறையை நீக்கிவிட்டது. அது நடைபெறும் விதத்தைச் சிறிது விளக்குவாம். எண்முறை ஒளிபரப்பு எண்களின் தொடராகவே வருகின்றது. வானலையாக வரும் பழைய முறை ஒளிபரப்பையும் ஒரு சிறு கருவி எண்களாக மாற்றித் தரும். அத்தொடரை வன்தட்டில் எழுதிவைத்தால் அது ஒரு கோப்பாகின்றது. செக்கனுக்கு 4 மெகாபிட் வீதம் வரும் சாதாரணக் காட்சி, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.8 கிகாபைட் இடத்தை நிரப்பும். அக்கோப்பை வைத்திருக்கும் சிறு கணினி நூலகர் போன்றது. ஒவ்வோர் அறையிலுள்ள பெட்டியும் தனக்கு வேண்டிய பக்கத்தைத் தனித்தனியே கேட்டுப் பெறுகின்றது. பாட்டி கதையின் நடுவிலும், பேத்தி அதன் முடிவிலும் இருத்தல் கூடும். ஒருவர் நிறுத்தினால் மற்றவர்க்கு நிற்பதில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முட் பேசிக்கொள்ளுதற்கென 2003ஆம் ஆண்டிற் பல உற்பத்தியாளர் கூடி டி.எல்.என்.ஏ. என்னும் அமைப்பை நிறுவினர். அவ்வமைப்பு 2017இற் கலைக்கப்பட்ட போதிலும், அது வகுத்த நெறி பல கருவிகளில் இன்றும் வழங்குகின்றது.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஓர் இடையூறு உண்டு. சுண்ணக்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள் வெயிலைத் தடுப்பது போலவே வைஃபை அலைகளையும் மெலிவிக்கின்றன. 5 கிகாஹேட்ஸ் அலையைக் காட்டிலும் 2.4 கிகாஹேட்ஸ் அலை சுவரை ஓரளவு நன்றாக ஊடுருவும். ஆனால் அதன் வேகம் குறைவு. கூரையின் உட்புறமாக ஒரு வலையமைப்புக் கம்பியை இழுத்துவிடுதலே உறுதியான வழி. அக்கம்பி 100 மீற்றர் வரை தளர்வின்றிச் செய்தியைக் கொண்டு செல்லும். எந்தப் பெரிய நாற்சார் வீட்டுக்கும் அது போதுமானது.

இவ்வளவு எளிதாயின் எல்லா வீடுகளிலும் இது நிகழாதது ஏன்? விடை, கட்டண ஒளிபரப்புப் பெட்டிகள் பலவற்றின் பூட்டில் இருக்கின்றது. அத்தகைய பெட்டி தான் பதிந்த காட்சியை மறைகுறியாக்கி வைக்கின்றது. அதனைத் திறக்கும் சாவி அப்பெட்டிக்குள்ளேயே உண்டு. வன்தட்டைக் கழற்றி வேறு கருவியிற் பொருத்தினால் வெறும் எண்குப்பையே மிஞ்சும். எங்கள் கூடத்துப் பெட்டியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பழைய தேர்த் திருவிழா ஒளிபரப்பு ஒன்று அதிற் பதிவாகியிருந்தது. அதில் என் மாமனார் வடம் பிடித்து நிற்கும் காட்சி சில கணங்கள் வரும். அவர் மறைந்த பின் மாமி அதனை எத்தனை முறை பார்த்தார் என்று கணக்கில்லை. ஒருநாள் பெட்டி பழுதுற்றது. நிறுவனத்தார் தாமதமின்றிப் புதிய பெட்டி தந்தனர். பழையதை எடுத்துச் சென்றனர். பதிவு போய்விட்டது. "பெட்டியைத்தானே மாத்தினவை, அவரை ஏன் கொண்டு போனவை?" என்று மாமி கேட்டதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

இவ்விடத்தில் நம் அயலூரவர் ஒருவரை நினைத்தல் பொருந்தும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), செல்லும் ஏடும் பொருட்படுத்தாது பழந்தமிழ்ச் சுவடிகளைத் தேடித் திரட்டி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். அவருக்குப் பல ஏடுகள் கிடைத்தமைக்குக் காரணம் யாது? முன்னோர் ஏட்டை இரவல் கொடுத்தனர். வாங்கியவர் படி எடுத்தனர். ஒரு வீட்டுச் சுவடியைச் செல் அரித்தாலும் இன்னொரு வீட்டுச் சுவடி பிழைத்தது. வேறு படி இல்லாத ஏடு அழிந்தபோது அந்நூலே அழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது இப்பாடத்தை நம் தலைமுறையும் கற்றது. ஒரே பெட்டிக்குட் பூட்டிய பதிவும் ஒற்றை ஏடே. அறைக்கு அறை பகிரக்கூடிய பதிவு, படி எடுக்கத்தக்க பதிவு. ஆதலின் பகிர்வு வசதி மாத்திரமன்று, பாதுகாப்புமாம்.

படைத்தவன் உரிமை யாதாகும் என்று வினவலாம். நியாயமான வினாவே. அமெரிக்காவில் ஒளிநாடாக் கருவிக்கு எதிராகப் படநிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1984ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வேறொரு நேரத்திற் பார்ப்பதற்காக வீட்டிற் பதிந்துகொள்ளல் நேர்மையான பயன்பாடே என ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் தீர்த்தது. சிறுவர் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ரொஜர்ஸ் என்பவர், குடும்பங்கள் தமக்கேற்ற வேளையில் தம் நிகழ்ச்சியைப் பார்ப்பதை வரவேற்றுச் சாட்சியம் அளித்தார். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், வெளியிடப்பட்ட ஆக்கத்தைத் தனியொருவர் தம் சொந்தப் பயனுக்காக ஒரு படி எடுத்துக்கொள்ளச் சில எல்லைகளுக்குள் இடமளிக்கின்றது. வீட்டு அறைகளுக்குள் பகிர்தல் வேறு. படியைச் சந்தையில் விற்றல் வேறு. இரவல் ஏட்டுக்கும் திருட்டுப் பதிப்புக்கும் உள்ள வேற்றுமையே அது. விற்பவனைத் தடுக்கும் பூட்டு, படுக்கையில் இருக்கும் மூதாட்டியையும் தடுத்தல் முறையன்று.

தத்தம் அறையில் தனித்தனியே பார்ப்பதால் குடும்பம் பிளவுபடாதா என அஞ்சுவோரும் உளர். முற்றத்திற் பாய் விரித்த காலத்தின் இனிமையை யானும் அறிவேன். ஆயினும் கூடத்துக்கு வர இயலாதவரை விட்டுவிட்டுக் கூடியிருத்தல் முழுமையான கூட்டம் ஆகாது. காட்சி அறைக்குப் போகட்டும். அதனைத் தொடர்ந்து பிள்ளைகளும் போய் அவர் கட்டிலோரத்தில் அமரட்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். பெட்டி வாங்கும்போது அதன் விலையையும் திரையின் அகலத்தையும் மட்டும் கேளாதீர்கள். இதிற் பதிந்ததை வேறு அறையிற் பார்க்கலாமா, வேறு வன்தட்டில் எழுதலாமா, பெட்டி பழுதானால் பதிவு பிழைக்குமா என்றும் கேளுங்கள். வீட்டிற் கிடக்கும் பழைய ஒளிநாடாக்களைப் பூஞ்சணம் தின்னுமுன் எண்முறைக்கு மாற்றி, இரு வேறு வீடுகளிற் படி வையுங்கள். ஏடு காத்த ஊரார்க்கு இது புதிய தொழிலன்று. ஓலை மாறியிருக்கின்றது, அவ்வளவே.