வாள்களை உறைக்குள் அனுப்பிய மாதம்

இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியா. மக்காவுக்கு அருகே மினாவில் ஹஜ் முடிந்து கூட்டம் கலையும் நேரம். கினானா குலத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்து நின்று அறிவிப்பார்: இந்த ஆண்டு முஹர்ரம் புனித மாதம் அல்ல, அதற்குரிய புனிதம் அடுத்து வரும் ஸஃபர் மாதத்துக்கு மாற்றப்படுகிறது. கூட்டம் ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு பழைய பகைகளைத் தீர்த்துக்கொள்ளவும் அடுத்த குலத்தின் ஒட்டகங்களைக் கொள்ளையிடவும் தடையில்லை.

துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம் என்று அடுத்தடுத்து வரும் மூன்று மாதங்களிலும், தனித்து வரும் ரஜபிலும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அரபு மண்ணின் பழைய வழக்கம். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வர ஒரு மாதம், ஹஜ்ஜை நிறைவேற்ற ஒரு மாதம், பத்திரமாக ஊர் திரும்ப ஒரு மாதம். தந்தையைக் கொன்றவனே எதிரில் வந்தாலும் அந்த நாட்களில் கை ஓங்க மாட்டார்கள். ஆனால் கொள்ளையில் பிழைத்த குலங்களுக்கு மூன்று மாதம் தொடர்ந்து சும்மா இருப்பது பெரும்பாடு. அதனால் மாதத்தையே தள்ளிப்போட வழி கண்டார்கள். இந்த வழக்கத்துக்கு ‘நஸீ’ என்று பெயர்.

குர்ஆன் இதை நேரடியாகவே கண்டித்தது. ஒன்பதாம் அத்தியாயமான அத்தவ்பாவின் 36, 37-ஆம் வசனங்கள் இதைப் பேசுகின்றன. ஆண்டுக்கு மாதங்கள் பன்னிரண்டு, அவற்றில் நான்கு புனிதமானவை, அந்த மாதங்களில் உங்களுக்கு நீங்களே அநீதி இழைத்துக்கொள்ளாதீர்கள் என்பது முதல் வசனத்தின் கருத்து. புனிதத்தைத் தள்ளிப்போடுவது இறைமறுப்பை இன்னும் அதிகமாக்குவதுதான் என்கிறது அடுத்த வசனம். எந்த மாதத்திலும் அநீதி பாவமே, புனித மாதங்களில் அதன் கனம் கூடுகிறது என்று விளக்கினார் ஆரம்பகால விரிவுரையாளர் கத்தாதா.

அன்று முதல் இஸ்லாமிய ஆண்டில் மாதங்களைக் கூட்டுவதும் இல்லை, நகர்த்துவதும் இல்லை. பிறை பார்த்து 354 அல்லது 355 நாட்களில் ஆண்டு முடிகிறது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் முஹர்ரம் சுமார் 11 நாட்கள் முன்னதாக வருகிறது. சுமார் 33 ஆண்டுகளில் வெயில், மழை, பனி என எல்லாப் பருவங்களையும் அது சுற்றி வந்துவிடுகிறது.

மாதத்தின் மரியாதை, உயிரின் மரியாதை

ஹிஜ்ரி 10, கி.பி. 632. நபிகள் நாயகம் (ஸல்) மதீனா வந்த பிறகு நிறைவேற்றிய ஒரே ஹஜ். குர்பானி நாளன்று மினாவில் மக்களைப் பார்த்துப் பேசும்போது, காலம் சுழன்று அதன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்றார்கள். நான்கு புனித மாதங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். பிறகு கேள்விகள். இது என்ன மாதம்? இது என்ன ஊர்? இது என்ன நாள்? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவர்கள் நீண்ட நேரம் மௌனமாக இருந்ததால், பெயர்களையே மாற்றிவிடப் போகிறார்களோ என்று மக்கள் எண்ணியதாக ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்கின்றன. அதன் பிறகே முடிவைச் சொன்னார்கள். இந்த நாளும் மாதமும் ஊரும் எவ்வளவு புனிதமோ, உங்கள் ஒவ்வொருவரின் உயிரும் உடைமையும் மானமும் மற்றவருக்கு அவ்வளவு புனிதம்.

புனித மாதம் எதற்காக என்ற கேள்விக்கான பதில் அங்கே இருக்கிறது. ஆண்டில் நான்கு மாதம் கையைக் கட்டிப்போட்ட ஒரு பழைய ஒழுங்கை நபிகள் நாயகம் மனித உயிருக்கே உரிய நிரந்தர மரியாதையாக விரித்துவிட்டார்கள்.

இந்த நான்கில் முஹர்ரத்துக்குத் தனி இடம் உண்டு. ‘அல்லாஹ்வின் மாதம்’ என்று நபிகள் நாயகமே இதைக் குறிப்பிட்டார்கள். ரமலானுக்கு அடுத்துச் சிறந்த நோன்பு இந்த மாதத்தின் நோன்பு என்பது ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள நபிமொழி. ஆண்டின் முதல் மாதமாக இது அமைந்ததற்கும் பின்னணி உண்டு. கலீஃபா உமர் (ரலி) ஆட்சியில், ஹிஜ்ரி 16 அல்லது 17-இல், ஆண்டு குறிப்பிடாத கடிதங்களால் நிர்வாகத்தில் குழப்பம் வந்தது. ஷஅபான் என்று எழுதியிருந்தால் எந்த ஆண்டு ஷஅபான்? தோழர்கள் கூடிப் பேசினார்கள். நபிகள் நாயகம் மக்காவைத் துறந்து மதீனா வந்த ஆண்டு தொடக்கமாக ஏற்கப்பட்டது. அந்தப் பயணம் நடந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில். ஆனாலும் ஹாஜிகள் ஊர் திரும்பும் மாதம், புனித மாதம் என்பதால் முஹர்ரமே ஆண்டின் வாசலானது.

கம்பளி பொம்மைகள்

கி.பி. 622-இல் மதீனாவுக்கு வந்த நபிகள் நாயகம், அங்கே யூதர்கள் ஆஷூரா (முஹர்ரம் 10) நாளில் நோன்பு இருப்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டபோது, மூஸா நபியையும் அவருடைய மக்களையும் ஃபிர்அவ்னிடமிருந்து இறைவன் காப்பாற்றிய நாள் இது, நன்றி செலுத்தும் விதமாக மூஸா நோன்பு இருந்தார் என்றார்கள். மூஸாவுக்கு நாங்கள் இன்னும் நெருக்கமானவர்கள் என்று சொல்லித் தாமும் நோன்பு இருந்து, தோழர்களையும் இருக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம். மக்கா குறைஷிகளும் முன்பே அந்த நாளில் நோன்பு இருந்தவர்கள், கஅபாவுக்குப் புதுத் திரை போர்த்தியவர்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்.

ரமலான் நோன்பு கடமையாவதற்கு முந்தைய அந்தக் காலத்தின் ஒரு காட்சியை ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) என்ற மதீனாப் பெண்மணி சொல்லியிருக்கிறார். ஆஷூராவன்று பிள்ளைகளையும் நோன்பு இருக்க வைப்பார்களாம். அவர்களுக்காகக் கம்பளியில் பொம்மை செய்து வைத்திருப்பார்கள். பசியில் பிள்ளை அழுதால் பொம்மையைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை விளையாட்டுக் காட்டுவார்கள். புகாரி தொகுப்பில் இடம்பெற்ற செய்தி இது. ஒரு மக்கள் கூட்டம் கொடுங்கோலனிடமிருந்து தப்பிய கதையை அந்தப் பிள்ளைகள் வயிற்றுப் பசியோடு சேர்த்தே கற்றார்கள்.

ஹிஜ்ரி 2-இல் ரமலான் நோன்பு கடமையானதும் ஆஷூரா நோன்பு விரும்பியவர் நோற்கும் சுன்னத் ஆனது. முந்தைய ஓராண்டின் பாவங்களுக்கு அது பரிகாரமாகும் என்ற நபிமொழி அதன் மதிப்பைக் குறையாமல் வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு இருந்தால் ஒன்பதாம் நாளும் நோன்பு வைப்பேன் என்றார்கள் நபிகள் நாயகம். அந்த அடுத்த ஆண்டு வருவதற்குள் அவர்கள் மறைந்துவிட்டார்கள். அவர்கள் விரும்பிய அந்த ஒன்பதாம் நாளையும் சேர்த்தே இன்று முஸ்லிம்கள் நோற்கிறார்கள்.

கர்பலா

மினா உரைக்கு அரை நூற்றாண்டு ஆவதற்குள் முஹர்ரம் மாதத்தின் மரியாதை அதே சமூகத்தினரின் கையாலேயே குலைந்தது. தந்தை முஆவியாவுக்குப் பின் கலீஃபாவாக அதிகாரத்துக்கு வந்த யஸீதை ஏற்று உறுதிமொழி தர நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் (ரலி) மறுத்தார். கூஃபா நகரத்தார் அழைத்துக் கடிதங்கள் அனுப்பினார்கள். ஹஜ் கிரியைகள் தொடங்கவிருந்த வேளையில் ஹுசைன் மக்காவை விட்டுப் புறப்பட்டார். ஹரம் எனும் மக்காவின் புனித எல்லைக்குள் தம் ரத்தம் சிந்தப்படுவதை அவர் விரும்பவில்லை என்று வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார்.

வழியில் யஸீத் தரப்பைச் சேர்ந்த ஹுர் என்ற தளபதியின் தலைமையில் சுமார் ஆயிரம் குதிரை வீரர்கள் அவரை மறித்தார்கள். வந்தவர்கள் தாகத்தில் தவித்தார்கள். தம்மிடமிருந்த தண்ணீரை அந்த வீரர்களுக்கும் அவர்களுடைய குதிரைகளுக்கும் கொடுக்கச் சொன்னார் ஹுசைன். சில நாட்களில், முஹர்ரம் 7 முதல், கர்பலாவில் அவருடைய கூடாரங்களுக்கு யூஃப்ரடீஸ் நதி நீர் அடைக்கப்பட்டது. பத்தாம் நாள் காலையில், கண்ணெதிரே வந்து நின்ற எதிரி ஒருவன்மீது அம்பு விட ஒரு தோழர் அனுமதி கேட்டபோது, போரை நான் தொடங்க விரும்பவில்லை என்று ஹுசைன் தடுத்தார். அதே காலையில் மனம் மாறி அவர் பக்கம் வந்து உயிர் கொடுத்தார் ஹுர். எதிரில் பல்லாயிரம் பேர், இந்தப் பக்கம் மரபுக் கணக்கின்படி 72 பேர். கி.பி. 680 அக்டோபர் 10, ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10. நண்பகல் தாண்டிச் சில மணி நேரத்தில் ஹுசைனும் கொல்லப்பட்டு எல்லாம் முடிந்தது.

ஷியா முஸ்லிம்களுக்கு முஹர்ரத்தின் முதல் பத்து நாட்களும் துக்க நாட்கள். மஜ்லிஸ் எனும் துக்கக் கூட்டங்களில் கர்பலா வரலாறு சொல்லப்படுகிறது. கறுப்பு உடை அணிந்து, மார்பில் அறைந்து அழுகிறார்கள். தாகத்தோடு மடிந்தவர்களின் நினைவாகத் தெருவோரம் ‘சபீல்’ வைத்து, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தண்ணீரும் சர்பத்தும் கொடுக்கிறார்கள். சுன்னி முஸ்லிம்களும் ஹுசைனின் தியாகத்தைப் போற்றுகிறார்கள். ஆனால் அந்த நாளை அவர்கள் நோன்பிலும் தொழுகையிலும் கழிக்கிறார்கள்.

தமிழ் மண்ணில்

சென்னை அண்ணா சாலையில் ஆயிரம் விளக்கு என்ற பகுதியின் பெயரே முஹர்ரத்தோடு சேர்ந்தது. ஆர்க்காடு நவாப் குடும்பத்தார் 1810-இல் கட்டிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. அதற்கு முன்பு அந்த இடத்தில் முஹர்ரம் துக்கத்துக்காகப் பெண்கள் கூடும் மண்டபம் இருந்ததாகவும், அதற்கு ஒளி தர ஆயிரம் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டதால் அந்தப் பெயர் நிலைத்ததாகவும் சொல்கிறார்கள்.

தஞ்சாவூர் அருகே காசவளநாடு புதூரில் பத்து நாள் விரதமிருந்து, ‘பஞ்சா’ என்ற கை வடிவச் சின்னத்தை ஊர்வலமாக எடுத்துச் சென்று, பூக்குழி இறங்கி முஹர்ரத்தைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். ‘அல்லா பண்டிகை’ என்பது அவர்கள் வழக்கு. சிவகங்கை மாவட்டம் முதுவன்திடலிலும் இதேபோல் இந்துக்கள் பூ மிதிக்கிறார்கள். பஞ்சாவின் ஐந்து விரல்கள் நபிகள் நாயகம், அலி, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் ஆகிய ஐவரைக் குறிக்கும். பஞ்சா எடுப்பதும் தீ மிதிப்பதும் மார்க்கத்தில் இல்லாதவை என்று தமிழக ஆலிம்கள் ஜும்ஆ பயான்களில் சொல்லி வருகிறார்கள். பிறை தென்பட்டதும் பள்ளிவாசல்களில் ஒன்பது, பத்து நோன்புகளுக்கான அறிவிப்பு வருகிறது. சில ஊர்களில் நோன்பு திறக்கக் கஞ்சியும் காய்ச்சுகிறார்கள்.

துக்கம் காட்டும் முறை பற்றிய விவாதம் ஷியா உலகத்துக்குள்ளும் நடக்கிறது. கத்தியால் தலையைக் கீறிக்கொள்ளும் வழக்கத்துக்கு எதிராக 1994-இல் ஈரான் தலைவர் காமெனெயி தீர்ப்பு அளித்தார். அதை எல்லோரும் ஏற்கவில்லை, சில இடங்களில் வழக்கம் தொடர்கிறது. ஆனால் பிரிட்டன் முதல் இந்தியா வரை பல நகரங்களில் ஹுசைனின் பெயரால் ரத்ததான முகாம்கள் நடக்கின்றன. ரத்தம் சிந்தக் கூடாது என்று அரபுக் குலங்கள் விலக்கி வைத்த மாதத்தில், முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்காக இளைஞர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துவிட்டு மஜ்லிஸுக்குப் போகிறார்கள்.